பால், நெய் சேர்க்காத பண்டிகைப் பலகாரம்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஒருவர் வீகன் ஆகிவிட்டார், பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொடமாட்டார், தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வரிசையாக வருகிறது, என்ன செய்து கொடுக்க? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

*

*அக்கா, பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் இப்போது வீகன். தீபாவளிக்கு வருகிறாள். ‘எனக்காகக் கஷ்டப்படாதம்மா, நான் ஏதாவது பாக்கெட் வாங்கிட்டு வந்துருதேன்’ என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மாமியாரோ நெய் இல்லாமல் என்ன பலகாரம் என்கிறார்.*
— வாசகி, பாளையங்கோட்டை

பாக்கெட் எதுவும் வாங்க வேண்டாம் என்று இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். நம்ம பக்கத்துப் பலகாரங்களை ஒன்றொன்றாக நினைத்துப் பாருங்கள்: முறுக்கு, தட்டை, சீவல், காராச்சேவு, அதிரசம், சுசியம், முந்திரிக்கொத்து, பொரிவிளங்காய், எள்ளுருண்டை, கடலை மிட்டாய். இதில் எதற்குமே பால் கட்டாயமில்லை. அரிசி, உளுந்து, சிறுபயறு, எள், தேங்காய், கருப்பட்டி, எண்ணெய், அவ்வளவுதான். நெய்யும் வெண்ணெயும் மணத்துக்கும் மொறுமொறுப்புக்கும் சேர்ப்பது. அந்த இரண்டையும் வேறு வழியில் கொண்டுவந்துவிடலாம்.

முறுக்குக்கு வெண்ணெய் போடுவது எதற்கு? கொழுப்பு மாவைப் பூசிக்கொண்டு அது இறுகாமல் பார்த்துக்கொள்ளும், அதனால் கடித்தால் நொறுங்கும். அந்த வேலையைக் காய்ந்த எண்ணெய் அப்படியே செய்யும். நாலு கப் பச்சரிசி மாவுக்கு அரை கப் வறுத்து அரைத்த உளுந்து மாவு, உப்பு, சீரகம் அல்லது எள், கொஞ்சம் பெருங்காயம், அதன் மேல் நன்றாகச் சூடான தேங்காய் எண்ணெய் மூன்று டேபிள்ஸ்பூன் ஊற்றி, முதலில் கரண்டியால் கிளறி, சூடு ஆறியதும் விரலால் மாவு முழுக்கத் தேய்த்துவிடுங்கள். ஒரு பிடி மாவை அமுக்கினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். வெண்ணெயில் ஐந்தில் நாலு பங்குதான் கொழுப்பு, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அதனால் ஐந்து ஸ்பூன் வெண்ணெய் போடும் இடத்தில் நாலு ஸ்பூன் எண்ணெய் போதும். கூடிப்போனால் முறுக்கு எண்ணெய்ச் சட்டியிலேயே பிரிந்துவிடும். பிசைவதற்குத் தண்ணீரில் பாதியைக் குறைத்துக் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டால் மணம் பிரமாதமாக இருக்கும். ஆனால் தேங்காய்ப்பால் முறுக்கு ரொம்ப நாள் தாங்காது, காறல் வாசம் வந்துவிடும், பத்து நாளுக்குள் தின்று தீர்க்கிற அளவுக்கு மட்டும் சுடுங்கள்.

உங்கள் மாமியாரிடம் வாதாட வேண்டாம். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டில் தீபாவளிக்கு என்னென்ன செய்தார்கள் என்று கேளுங்கள். உளுந்தை எந்தப் பக்குவத்தில் வறுக்க வேண்டும், அதிரசப் பாகு எப்போது இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும், அதைப் பேத்திக்கு அவரே கையோடு காட்டிக் கொடுக்கட்டும். அதிரசத்தைக் கடலை எண்ணெயில் சுட்டாலே போதும்.

இன்னொன்று, நெய்க்குப் பதில் டால்டாவா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அது தாவர எண்ணெயில் செய்ததுதான், வீகன்தான். ஆனாலும் நான் சொல்லமாட்டேன். நல்ல செக்கு எண்ணெய் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு அது எதற்கு?

*

*திருநெல்வேலிக்காரர்கள் அல்வா இல்லாமல் தீபாவளி கொண்டாடுவதா? நெய் இல்லாமல் அல்வா வருமா?*
— வாசகர், சங்கரன்கோவில்

வரும். புதிதாகக் கண்டுபிடிக்கவே வேண்டாம், சாத்தான்குளம் பக்கத்து முதலூரில் காலங்காலமாகச் செய்கிறார்கள். மஸ்கோத் அல்வா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலூர் இப்போது தூத்துக்குடி மாவட்டம், 1986-க்கு முன்னால் நம்ம மாவட்டம்தான். அந்த அல்வாவில் நெய் என்ற பேச்சே கிடையாது, முழுக்கத் தேங்காய்ப்பால். கிண்டக் கிண்டத் தேங்காய்ப்பாலில் இருக்கும் எண்ணெய் தானாகக் கசிந்து வந்து, அந்த எண்ணெயிலேயே அல்வா வேகும். நெல்லை டவுன் அல்வாவை நெய்யில்லாமல் செய்து ‘அதே மாதிரி இருக்கிறது’ என்று மனசைத் தேற்றிக்கொள்வதைவிட, பிறந்ததிலிருந்தே நெய் பார்க்காத இந்த அல்வாவைச் செய்வதுதான் சரி என்பேன்.

வீட்டு அளவு சொல்கிறேன். ஒரு கப் மைதாவைச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்து, உருட்டி, தண்ணீரில் மூழ்கப் போட்டு மூன்று மணி நேரம் வையுங்கள். பிறகு அந்தத் தண்ணீருக்குள்ளேயே கையால் பிசைந்து பிசைந்து கரைத்தால் பால் வெளியே வந்து, கையில் ரப்பர் மாதிரி ஒரு சக்கை நிற்கும். சக்கையை எடுத்துவிட்டுப் பாலை வடிகட்டி இரண்டு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் மாவு அடியில் தங்கி மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும், அதைக் கொட்டிவிடுங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்தும் பால் எடுக்கலாம், நிறமும் மணமும் வேறாக இருக்கும், வேலை கூட.

இரண்டு பெரிய முற்றிய தேங்காயைத் துருவி, நாலு கப் பால் வருகிற மாதிரி முதல் பாலும் இரண்டாம் பாலும் எடுங்கள். இளந்தேங்காய் எதற்கும் ஆகாது, எண்ணெய் கசியாது. அடி கனமான உருளியில் தேங்காய்ப்பால், மைதாப் பால், இரண்டரை கப் சீனி மூன்றையும் கட்டியில்லாமல் கரைத்து அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். முதலில் கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது, திடீரென்று கூழ் மாதிரி இறுகும், அந்த இடத்தில் கையை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். தீயைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம், வீட்டில் யாராவது கைமாற்ற வேண்டும். ஓரத்தில் எண்ணெய் கசிய ஆரம்பித்து, கரண்டியில் ஒட்டாமல் மொத்தமாகச் சுருண்டு வரும்போது முந்திரியைப் போட்டு இறக்குங்கள். அவசரப்பட்டு எண்ணெய் கசியும் முன்னால் இறக்கினால் மறுநாளே சவசவவென்று ஆகிவிடும். ஈரம் போகச் சுருட்டியது வெளியிலேயே இரண்டு வாரம் தாங்கும்.

மஸ்கோத் அல்வா கடையில் வாங்குவதாக இருந்தால், தேங்காய்ப்பால் மட்டுந்தானா, நெய் எதுவும் சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள்.

*

*மைசூர்பாகை எண்ணெயில் செய்யலாமா?*
— வாசகி, கடையநல்லூர்

செய்யலாம், ஆனால் நான் பரிந்துரைக்கவில்லை. மைசூர்பாகின் ருசியே நெய்தான், அதை எடுத்துவிட்டால் கடலைமாவும் சீனியும்தான் மிச்சம். தேங்காய் எண்ணெயில் செய்வார்கள் சிலர், அது இருபத்துநாலு, இருபத்தைந்து டிகிரியிலேயே உருகத் தொடங்கும். நம்ம ஊர் வெயிலுக்குத் துண்டு போட்டது எண்ணெய் கக்கிக்கொண்டு கிடக்கும், மார்கழியில் வேண்டுமானால் நிற்கும். பால்கோவாவுக்கும் இதே பதில்தான், பால் இல்லாமல் பால்கோவா கிடையாது. அதற்குப் பதில் வெறும் தேங்காய், சீனி, ஏலக்காயில் தேங்காய் பர்பி போடுங்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய் வாங்குங்கள், 2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது அது, நிலக்கடலையும் வெல்லப்பாகும்தான் அதன் உயிர்.

*

*மூன்று வயதுப் பையனுக்குப் பால் ஒவ்வாமை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பண்டிகை என்றால் சொந்தக்காரர்கள் எல்லோரும் கடைப் பலகாரம் கொண்டுவருகிறார்கள். பச்சைப் புள்ளி இருந்தால் கொடுக்கலாமா?*
— வாசகி, தென்காசி

கூடாது. பச்சைப் புள்ளி என்றால் சைவம், அவ்வளவுதான். பால், நெய், தேன் எல்லாம் அதற்குள் அடக்கம். வீகன் உணவுக்கு என்று தனி விதிகளை மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் கொண்டுவந்தது, பச்சை நிறத்தில் ஆங்கில ‘வி’ எழுத்தும் அதன் மேல் இலையும் இருக்கும் முத்திரை அது. ஆனால் உங்கள் பையனுக்கு அந்த முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் ஒவ்வாமைப் பொருள்கள் என்று போட்டிருப்பார்கள், அதில் பால் என்று இருக்கிறதா, பால் கலந்திருக்க வாய்ப்புண்டு என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எடை போட்டுத் தரும் பலகாரத்தில் அதுவும் இருக்காது.

நெய்யில் பால் புரதம் ரொம்பக் குறைவு என்பார்கள், குறைவுதான், ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்தக் குறைவே அதிகமாகிவிடலாம். டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வீட்டிலும் தயிர் விட்டுக் கரைத்த மாவைப் பொரித்த எண்ணெயில் இவனுக்கு முறுக்கு சுடாதீர்கள். முதலில் இவன் பங்கைச் சுட்டுத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் மற்றவர்களுக்குச் சுடுங்கள். சொந்தக்காரர்களிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், பழம் வாங்கி வாருங்கள் என்று.

ஒரு எச்சரிக்கை. தேங்காய்ப்பால் சமையலுக்குத்தான் பாலின் இடத்தைப் பிடிக்கும், பிள்ளையின் வளர்ச்சிக்குப் பிடிக்காது, அதில் புரதம் குறைவு. அவனுக்குத் தினப்படி என்ன கொடுப்பது, நிலக்கடலை, முந்திரி கொடுக்கலாமா என்பதையெல்லாம் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முழுக்க வீகனாக இருக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பி12 வைட்டமின் செடிகொடிகளிலிருந்து கிடைக்காது, மாத்திரை எடுக்கத்தான் வேண்டும். எள்ளுருண்டையில் கால்சியம் உண்டு, பி12 கிடையாது.

*

*தூத்துக்குடி மக்ரூனை முட்டையில்லாமல் செய்ய வழி உண்டா?*
— வாசகர், விளாத்திகுளம்

உண்டு, கொஞ்சம் பொறுமை வேண்டும். வெள்ளைக் கொண்டைக்கடலையை உப்புப் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை முட்டை வெள்ளைக்கரு பதத்துக்கு வற்ற வைத்து, பிரிஜ்ஜில் குளிர வைத்து, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு பீட்டரால் அடித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெள்ளை நுரை கட்டி நிற்கும். சீனிப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்து, கடைசியில் பொடித்த முந்திரியை மெதுவாகப் புரட்டிச் சேருங்கள். முந்திரியில் எண்ணெய் இருப்பதால் நுரை அடங்கப் பார்க்கும், ரொம்ப நேரம் கிளறக் கூடாது. கூம்பாகப் பிழிந்து, நூறு டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் காயவிடுங்கள். மழை நாளில் வேண்டவே வேண்டாம், ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும். தூத்துக்குடிக் கடை மக்ரூன் அளவுக்கு வாயில் கரையாது, ஆனால் பிள்ளைகள் விரும்பித் தின்பார்கள்.

*

*மகளுக்குக் கல்யாணம் முடிந்திருக்கிறது. மாப்பிள்ளை வடக்கே வளர்ந்தவர், வீகன். மறுவீட்டுக்குச் சொதி வைக்கலாமா, வேறு என்ன வைக்க?*
— வாசகர், அம்பாசமுத்திரம்

சொதியேதான் வைக்க வேண்டும்! தேங்காய்ப்பால் குழம்புதானே அது. மாப்பிள்ளைச் சொதி என்று பேரே அதற்குத்தானே. தாளிப்புக்கு நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்று ஒரே ஒரு மாற்றம் செய்தால் வேலை முடிந்தது.

சமைப்பவரிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவையுங்கள். காய்கள், அதாவது உருளை, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி, எல்லாம் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வெந்து, வெந்த பாசிப்பருப்பும் அரைத்த இஞ்சி, பச்சைமிளகாயும் சேர்ந்து கொதித்த பிறகு கடைசியில்தான் முதல் பால். முதல் பால் விட்டபின் ஓரத்தில் நுரை கூடியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாற்றையும் சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் பிழிய வேண்டும், அதற்கும் காரணம் அதேதான். கூடவே இஞ்சிப் பச்சடி கட்டாயம், தேங்காய்ப்பால் அவ்வளவு சாப்பிட்டால் வயிறு மந்தமாகும், அதற்கு இஞ்சி வேண்டும். உருளைக்கிழங்கு சிப்ஸ் தொட்டுக்கொள்ள.

அவியலுக்குத் தயிர் ஊற்றாமல் புளித்தண்ணீரோ மாங்காயோ போடச் சொல்லுங்கள், நம்ம பக்கம் பல வீடுகளில் அப்படித்தான். பாயசம் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும். முந்திரியையும் தேங்காய்ப் பல்லையும் தேங்காய் எண்ணெயில் வறுத்துப் போடலாம். மோருக்கு மட்டும் கொஞ்சம் முன்யோசனை வேண்டும்: நிலக்கடலையை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து வடிகட்டிய பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் நாலைந்து மிளகாய்க் காம்பைப் போட்டு ராத்திரி மூடிவைத்தால் காலையில் உறைந்திருக்கும். முதல் தடவை அவ்வளவு கெட்டியாக வராது, அந்தத் தயிரையே உறைமோராக விட்டு மறுபடி உறைய வைத்தால் நன்றாக வரும். ஆகவே விருந்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே தொடங்குங்கள். அதில் பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்டு நீர்மோராகக் கொடுத்தால் மாப்பிள்ளை சந்தோஷப்படுவார்.

எல்லோருக்கும் ஒரே சமையலாக வையுங்கள். அவருக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தால், புது மாப்பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கும்.

*

*கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் செய்வோம். முட்டை சேர்க்காமல் அச்சு முறுக்கு அச்சை விட்டு வருமா?*
— வாசகி, நாசரேத்

வரும். முட்டைக்கும் அச்சை விட்டு வருவதற்கும் சம்பந்தமில்லை, அச்சின் சூடுதான் முக்கியம். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவு இரண்டு கப், மைதா அரை கப், சீனிப் பொடி, உப்பு, கறுப்பு எள், கரைப்பதற்குக் கெட்டித் தேங்காய்ப்பால். மாவு தோசை மாவைவிடச் சற்று இளகலாக இருக்க வேண்டும். அச்சை எண்ணெயிலேயே போட்டு நன்றாகக் காயவிட்டு, மாவில் முக்கால் பாகம் மட்டும் முக்குங்கள். விளிம்புக்கு மேல் மாவு ஏறினால் கழலாது. மாவில் முக்கும்போது ‘சுர்’ரென்று சத்தம் கேட்க வேண்டும். புது அச்சாக இருந்தால் அரிசிக் கஞ்சியில் ஒரு ராத்திரி ஊறவைத்து, எண்ணெய் தடவிப் பழக்கிக்கொள்ளுங்கள்.

முந்திரிக்கொத்து முழுக்க வீகன்தான், உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது. சிறுபயறை வாசம் வர வறுத்து ரவைப் பதத்தில் திரித்து, தேங்காய்த் துருவலை ஈரமே இல்லாமல் வறுத்து, கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டிப் பாகு காய்ச்சி உருட்டினால் வாரக்கணக்கில் இருக்கும். தேங்காயில் ஈரம் நின்றால் சீக்கிரம் கெட்டுப்போகும். முக்கி எடுக்கும் அரிசி மாவுக் கரைசலில் துளி மஞ்சள் போட மறக்காதீர்கள்.

*

*நோன்புக்கு வட்டலாப்பம் செய்வோம், அதில் முட்டை நிறையப் போகும். மருமகள் முட்டை, பால் சாப்பிடுவதில்லை.*
— வாசகி, மேலப்பாளையம்

வட்டலாப்பம் நிற்பதே முட்டையால்தான், அதைத் தொட வேண்டாம். நோன்பு திறக்க நீங்கள் செய்யும் கடல்பாசியையே அவருக்குக் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிக் கொடுங்கள், ஏலக்காயும் துளி உப்பும் போட்டு. கடல்பாசியைத் தண்ணீரில் முழுவதும் கரையும்வரை கொதிக்க விட்டு, அப்புறம்தான் தேங்காய்ப்பால் சேர்க்க வேண்டும். அது வெளியிலேயே உறையும், சித்திரை வெயிலிலும் உருகாது. ஜெலட்டின் வேண்டாம், அது விலங்கிலிருந்து எடுப்பது.

*

*நான் வீகன். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் ஆச்சி, பானையில் பால் ஊற்றாமல் பொங்கலா என்று கண்கலங்குகிறாள். அவளைக் கஷ்டப்படுத்தவும் மனமில்லை, என் முடிவை மாற்றவும் மனமில்லை.*
— வாசகர், வள்ளியூர்

ஆச்சியின் பானையில் கை வைக்காதீர்கள் தம்பி. அவர்கள் சூரியனுக்கு வைக்கும் பானை அது, பால் பொங்கட்டும். பக்கத்தில் சின்னதாக இன்னொரு பானை வையுங்கள், அதையும் ஆச்சி கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை ஊற்றினால் நுரைத்துப் பொங்கி வழியும், பொங்குவதற்குப் பால்தான் வேண்டும் என்றில்லை. பச்சரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்பு கால் பங்கு, கருப்பட்டி ஒன்றரைப் பங்கு, இறக்குவதற்கு முன் கெட்டித் தேங்காய்ப்பால். நெய் மணம் இருக்காது, கருப்பட்டி மணம் இருக்கும்.

அன்றைக்கு இலையில் மற்ற எல்லாமே உங்களுக்கும் சேர்ந்ததுதான்: சிறுகிழங்கு, சேனை, கருணை, பிடிகிழங்கு, பனங்கிழங்கு, அவரைக்காய், புளிக்குழம்பு. ஆச்சியிடம் உளுந்தங்களி கிண்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய், அதில் பாலே இல்லை. பேரன் தன் கைப் பக்குவத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அவர்களுக்கு வருத்தம் பாதி குறையும். மீதியும் குறைய கொஞ்ச நாள் ஆகும், அதற்காக அவர்களிடம் கோபப்பட்டுவிடாதீர்கள்.

*

*சென்னையில் இருக்கிறோம். கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை அவிக்கப் பனங்குருத்து கிடைக்கவில்லை. வேறு எதில் அவிக்கலாம்?*
— வாசகி, சொந்த ஊர் திசையன்விளை

வாழையிலையை அனலில் வாட்டி அதில் மடித்து அவியுங்கள். பச்சரிசி மாவு, வறுத்த சிறுபயறு, தேங்காய்த் துருவல், சுக்கு, ஏலக்காய், கருப்பட்டிப் பாகு எல்லாம் வழக்கம்போல, இருபது நிமிடம் ஆவியில். மாவைத் தளரப் பிசைந்தால் இலையிலிருந்து வழிந்துவிடும், கெட்டியாகவே இருக்கட்டும். பனையோலை வாசம் வராது. ஊரிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் குருத்தோலையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள், இரண்டு நாள் வாடாமல் இருக்கும்.